பைக்கில் சைலன்சர், ஏர் ஃபில்டர் மாத்திட்டீங்களா? அடுத்து எந்த ட்யூனிங்? முழு விளக்கம்!

சத்தம் கெத்தா இருக்கணும் என்று சைலன்சரை மாற்றுகிறார்கள். கூடவே 'காத்து நல்லா இழுக்கும்' என்று ஏர் ஃபில்டரும் மாறுகிறது. முதல் இரண்டு நாள் சந்தோஷம். அப்புறம்தான் சந்தேகம் ஆரம்பிக்கும். ஆக்சிலரேட்டரை விட்டால் பட் பட்னு வெடிக்குது, சிக்னலில் நின்றால் இன்ஜின் வழக்கத்தை விடச் சூடாக இருக்கு, நடுவில் ஒரு இடத்தில் வண்டி திணறுது.

மெக்கானிக்கிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில். ஒருவர் 'ஜெட் மாத்தணும்' என்பார். இன்னொருவர் 'ஒரு பாக்ஸ் மாட்டினா போதும்' என்பார். மூன்றாவது ஆள் 'ஈசியூவையே ரீமேப் பண்ணிடலாம்' என்பார். இதில் எது சரி? உங்க பைக்குக்கு எது தேவை? பார்க்கலாம்.

சைலன்சர் மாத்தினா பெட்ரோல் ஏன் மாறணும்?

இன்ஜினுக்குள் எரிவது பெட்ரோல் மட்டும் அல்ல, காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை. 1 கிராம் சுத்தமான பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று தேவை. காற்று அதிகமாகி பெட்ரோல் குறைந்தால் அது 'லீன்'. பெட்ரோல் அதிகமானால் 'ரிச்'. மெக்கானிக் கடைகளில் தினமும் புழங்கும் இரண்டு வார்த்தைகள் இவைதான்.

தடை குறைந்த சைலன்சரும், காற்றை எளிதாக விடும் ஃபில்டரும் போட்டால் இன்ஜினுக்குள் போய் வரும் காற்றின் அளவு மாறும். காற்று கூடிவிட்டது, பெட்ரோல் பழைய அளவிலேயே வருகிறது என்றால் கலவை லீன் ஆகும். முழு ஆக்சிலரேட்டரில், அதிக லோடில் லீனாக ஓடும் இன்ஜினில் வெப்பம் ஏறும், நாக்கிங் வரலாம், எக்ஸாஸ்ட் வால்வு கருகவும் வாய்ப்பு உண்டு. சில ஆயிரம் ரூபாய் சைலன்சருக்காக இன்ஜினையே இறக்கி வேலை பார்க்கும் நிலை வந்துவிடக் கூடாது. ட்யூனிங் பற்றிப் பேசுவதே அதற்காகத்தான்.

எல்லா பைக்குக்கும் ட்யூனிங் கட்டாயமா?

இல்லை. எதை மாற்றினீர்கள் என்பதைப் பொறுத்தது.

சைலன்சரின் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றுவது 'ஸ்லிப்-ஆன்'. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் முன்பக்கக் குழாயில் அப்படியே இருந்து, ஏர் ஃபில்டரும் பழையதாகவே இருந்தால் காற்றோட்டம் பெரிதாக மாறாது. இன்ஜெக்ஷன் பைக் என்றால் பெரும்பாலும் தனி ட்யூனிங் தேவைப்படாது.

இன்ஜினிலிருந்து வரும் பெண்டு பைப் உட்பட மொத்தத்தையும் மாற்றுவது 'ஃபுல் சிஸ்டம்'. அதோடு ஏர் ஃபில்டரும் மாறினால், அல்லது ஃபில்டர் பாக்ஸின் மூடியையே கழற்றிவிட்டால், ட்யூனிங்கைத் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொரு விஷயம். ஆக்சிலரேட்டரை விடும்போது வெடிக்கும் சத்தம் வந்தாலே லீன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சைலன்சர் இணைப்பில் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை என்றாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து இதே சத்தம் வரும். முதலில் கேஸ்கெட்டையும் கிளாம்ப்பையும் பாருங்க. சில நூறு ரூபாயில் முடிகிற வேலைக்குப் பல ஆயிரம் செலவு செய்ய வேண்டாம்.

கார்புரேட்டர் பைக் என்றால்...

2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 விதி வந்த பிறகு புதிய பைக்குகள் பெரும்பாலும் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. ஆனால் பழைய புல்லட், பல்சர் என்று கார்புரேட்டர் வண்டிகள் இன்னும் நிறைய ஓடுகின்றன. இவற்றுக்கு ஒரே வழி, ஜெட் மாற்றுவது.

கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் முக்கியப் பாகங்கள் மூன்று. ஐடிலிங்கிலும் கால்வாசி ஆக்சிலரேட்டர் வரையிலும் பைலட் ஜெட். கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை ஊசி எனப்படும் நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். வண்டி எந்த இடத்தில் திணறுகிறதோ, அந்த இடத்துக்கான பாகத்தைத்தான் மாற்ற வேண்டும். ஐடிலிங்கில் பிரச்சனை என்று போனால், மெயின் ஜெட்டைப் பெரிதாக்கி அனுப்பும் கடைகளும் உண்டு. அதில் பிரச்சனை தீராது, மைலேஜ்தான் போகும்.

ஊசியில் பள்ளங்கள் இருந்தால் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கி மாட்டலாம். ஊசி மேலே ஏறும், பெட்ரோல் கூடும். ஜெட்டையும் ஒரு சைஸ் மட்டும் கூட்டி ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்தது. செலவு குறைவு என்பது இதன் பலம். உயரம் மாறினால் தானாகச் சரிசெய்துகொள்ளாது என்பது பலவீனம். சென்னையில் கச்சிதமாக செட் செய்த கார்புரேட்டர், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்குப் போனால் ரிச்சாக ஓடும். அங்கே காற்று அடர்த்தி குறைவு, பெட்ரோலோ அந்த அளவுக்குக் குறையாது.

இன்ஜெக்ஷன் பைக்கில் என்ன நடக்கிறது?

இங்கே பெட்ரோலை அளப்பது ஈசியூ என்ற சின்ன கம்ப்யூட்டர். ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கு, ஆர்பிஎம் எவ்வளவு, உள்ளே வரும் காற்றின் அழுத்தமும் வெப்பமும் எவ்வளவு என்று சென்சார்கள் சொல்லும். அதை வைத்து, கம்பெனி எழுதிக் கொடுத்த ஒரு அட்டவணையைப் பார்த்து எவ்வளவு பெட்ரோல் தெளிக்கணும்னு ஈசியூ முடிவு செய்யும். இந்த அட்டவணைக்குப் பெயர்தான் 'மேப்'.

சீரான வேகத்தில் போகும்போது எக்ஸாஸ்ட்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், கலவை லீனா ரிச்சா என்று ஈசியூவுக்குத் தகவல் கொடுத்துக்கொண்டே இருக்கும். சின்ன மாற்றங்களை ஈசியூ தானே சரிசெய்துகொள்ளும். இதற்கு 'குளோஸ்டு லூப்' என்று பெயர்.

ஆக்சிலரேட்டரை முழுசா முறுக்கும்போது கதை வேறு. அப்போது ஈசியூ சென்சார் பேச்சைக் கேட்காது. மேப்பில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும். இது 'ஓபன் லூப்'. நீங்கள் சைலன்சர் மாற்றிய விஷயம் அந்த மேப்புக்குத் தெரியாது. இன்ஜினுக்கு ஆபத்து வரக்கூடிய இடமும் இதுதான்.

சென்னையை அடுத்த ஆலைகளில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 648 சிசி, இரட்டை சிலிண்டர், இன்ஜெக்ஷன் வண்டி. நம்ம ஊரில் சைலன்சர் அதிகம் மாற்றப்படும் பைக்குகளில் இதுவும் ஒன்று. இதுபோன்ற பைக்குக்கு நான்கு வழிகள் இருக்கின்றன.

1. ஆக்சிஜன் சென்சார் வழியாக வேலை செய்யும் பாக்ஸ்

இது சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்து சிக்னலைக் கொஞ்சம் மாற்றி அனுப்பும். ஈசியூ அதை நம்பி பெட்ரோலைக் கூட்டும். மாட்டுவது எளிது, கழற்றுவதும் எளிது. சீரான வேகத்தில் திணறல் குறையும், ஓட்டம் மிருதுவாகும். ஆனால் சிக்னலை மட்டும் மாற்றும் கருவியின் வேலை பெரும்பாலும் குளோஸ்டு லூப்போடு முடிந்துவிடும். ஃபுல் சிஸ்டம் போட்ட பைக்குக்கு இது மட்டும் போதாது.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும், ஒரு ரெசிஸ்டரை மட்டும் வைத்து 'பவர் சிப்' என்று விற்கப்படும் பொருட்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். காற்று குளிராக இருக்கிறது என்று ஈசியூவை ஏமாற்றி எல்லா இடத்திலும் பெட்ரோலை ஊற்றுவதுதான் அவற்றின் வேலை.

2. பிக்கிபேக்

டைனோஜெட் நிறுவனத்தின் பவர் கமாண்டர், பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸ் நிறுவனத்தின் பவர்ட்ரானிக் ஆகியவை இந்த ரகம். கம்பெனி ஈசியூ அப்படியே இருக்கும். இன்ஜெக்டருக்குப் போகும் சிக்னலை இந்தக் கருவி பிடித்து, எந்த ஆர்பிஎம்மில், எவ்வளவு ஆக்சிலரேட்டரில் எவ்வளவு பெட்ரோல் கூடணும், குறையணும் என்று தனித்தனியாக மாற்றும். பவர்ட்ரானிக் போன்றவை பற்றவைக்கும் நேரத்தையும் மாற்றும்.

வேண்டாம் என்றால் கழற்றிவிட்டு பழைய நிலைக்குத் திரும்பலாம் என்பது பெரிய வசதி. ஆனால் பாக்ஸோடு வரும் ரெடிமேட் மேப் உங்க சைலன்சர், உங்க ஃபில்டர் காம்பினேஷனுக்கு எழுதியதா என்று கேளுங்க. வேறு சைலன்சருக்கு எழுதிய மேப் என்றால் அது அளவெடுக்காமல் தைத்த சட்டை மாதிரிதான்.

3. ஈசியூ ஃபிளாஷ் அல்லது ரீமேப்

கூடுதல் பாக்ஸ் எதுவும் இல்லை. ஈசியூவுக்குள் இருக்கும் மேப்பையே மாற்றி எழுதுவது. சரியான ஆள் செய்தால் வண்டியின் ஓட்டத்தில் துண்டு துண்டான உணர்வு இருக்காது. எல்லா மாடல் ஈசியூவும் இதற்கு இடம் கொடுக்காது. தவறாக எழுதினால் ஈசியூ செயலிழக்கவும் வாய்ப்பு இருக்கு. கம்பெனி சர்வீஸில் சாஃப்ட்வேர் அப்டேட் செய்தால், நீங்கள் காசு கொடுத்து எழுதிய மேப் அழிந்துபோகலாம். பழைய மேப்பின் காப்பி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

4. தனி ஈசியூ

கம்பெனி ஈசியூவை எடுத்துவிட்டு முழுக்க வேறொன்றைப் பொருத்துவது. இருங்காட்டுக்கோட்டை ட்ராக் போன்ற இடங்களில் ரேஸ் ஓட்டும் வண்டிகளுக்கு இது தேவைப்படலாம். தினமும் ஆபீஸ் போகிற வண்டிக்கு வேண்டாத வேலை.

டைனோ எதற்கு?

மேலே சொன்ன பிக்கிபேக், ரீமேப் இரண்டும் கருவிகள்தான். ட்யூனிங் என்பது அந்தக் கருவியில் என்ன எண்கள் எழுதப்படுகின்றன என்பது. அதைச் சரியாகச் செய்ய உதவுவது டைனோ. பைக்கின் பின்சக்கரம் உருளை மேல் சுழலும், எக்ஸாஸ்ட்டில் கலவையைத் துல்லியமாக அளக்கும் 'வைட்பேண்ட்' சென்சார் மாட்டப்படும். ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும் பவர் எவ்வளவு, கலவை எப்படி இருக்கு என்று வரைபடமாகத் தெரியும்.

ட்யூனிங்குக்கு முன்பு ஒன்று, பின்பு ஒன்று என இரண்டு வரைபடங்களையும் கேட்டு வாங்குங்க. அதில் பவர் கோடு மட்டும் இருந்து கலவைக் கோடு இல்லை என்றால் காரணம் கேளுங்க. இன்ஜின் பத்திரமாக இருக்கிறதா என்று சொல்லும் கோடு அதுதான். சைலன்சரும் ஃபில்டரும் மட்டும் மாற்றிய பைக்கில் பவர் பிரமாதமாகக் கூடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். கூடுவது பெரும்பாலும் சொற்பம்தான். திணறல் போய் ஓட்டம் சீராவதே முக்கியப் பலன்.

இ20 பெட்ரோலை மறக்க வேண்டாம்

இப்போது பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20% எத்தனால் கலந்த இ20. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால், முழுமையாக எரிய 1 கிராமுக்கு 14.7 அல்ல, சுமார் 13.5 கிராம் காற்று போதும். அதாவது பழைய பெட்ரோலுக்கு எழுதிய மேப்பில் இ20 ஊற்றினால் ஓபன் லூப்பில் கலவை இன்னும் கொஞ்சம் லீன் ஆகும். வெளிநாட்டு மேப்பை அப்படியே ஏற்றுவதில் இருக்கும் சிக்கல் இதுதான். ட்யூன் செய்யும் நாளில், நீங்கள் வழக்கமாகப் போடும் பெட்ரோலே டேங்கில் இருக்கட்டும்.

ரிச்சாக வைத்தால் பத்திரம் என்று நினைப்பதும் தவறு. எரியாமல் வெளியே வரும் பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். பிளக்கில் கரி படியும், மைலேஜ் குறையும், புகையில் நச்சு வாயுக்கள் கூடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு!

சட்டம் என்ன சொல்கிறது?

ட்யூனிங் சரியாக இருந்தாலும் சட்டப் பிரச்சனை தீராது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2019-ல் திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஒலி, காற்று மாசு விதிகளை மீறினால் பிரிவு 190(2)-ன்படி முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூடவே 3 மாதம் லைசென்ஸும் கிடையாது. 175 சிசி-க்கு மேற்பட்ட பைக்குகளுக்குத் தயாரிப்பு நிலையில் உள்ள ஒலி வரம்பு 80 டெசிபல். வாரண்டி, இன்சூரன்ஸ் கிளெய்ம் இரண்டிலும் சிக்கல் வரலாம்.

அப்போ யாருக்கு எது?

* ஸ்லிப்-ஆன் மட்டும் மாற்றியவர்கள்: கேஸ்கெட்டைச் சரிபார்த்து, சில நாள் ஓட்டிப் பாருங்க. திணறல் இல்லை என்றால் எதுவும் வாங்க வேண்டாம்.
* ஸ்லிப்-ஆன், ஏர் ஃபில்டர் இரண்டும் மாற்றி, சீரான வேகத்தில் திணறல் மட்டும் இருப்பவர்கள்: சென்சார் வகை பாக்ஸ் போதுமானதாக இருக்கலாம். முழு ஆக்சிலரேட்டரில் கலவை எப்படி இருக்கு என்று ஒரு முறை அளந்து பார்ப்பது நல்லது.
* ஃபுல் சிஸ்டமும் ஏர் ஃபில்டரும் மாற்றியவர்கள்: பிக்கிபேக் அல்லது ரீமேப், இரண்டில் ஒன்று. டைனோவில் ட்யூன் செய்யும் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்க.
* வாரண்டியில் இருக்கும் பைக்: கழற்றக்கூடிய கருவியே வசதி. ஆனாலும் வாரண்டி நிலைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.
* கார்புரேட்டர் பைக்: ஜெட் செட்டிங் தெரிந்த அனுபவ மெக்கானிக். பாக்ஸ் எதுவும் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. கழற்றிய கம்பெனி சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். சோதனையில் மாட்டினாலும், வண்டியை விற்கும்போதும், ட்யூனிங் சரிவராமல் போனாலும் உங்களுக்குக் கைகொடுக்கப் போவது அவைதான்.