கடலில் விழுந்த விமானிகள்

போர் விமானத்தில் குண்டு பாய்கிறது. தீப்பிடிக்கிறது. விமானி பாராசூட்டை விரித்துக் குதிக்கிறார். பிழைத்துவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஆனால் கீழே இருப்பது கடல்.

இங்கிலாந்தைச் சுற்றியுள்ள கடல் மிகவும் குளிர்ந்தது. மார்கழி விடியலில் தேவிகுளத்து ஓடையில் கை வைத்தவர்களுக்கு அந்தக் குளிர் ஓரளவு புரியும். கை கால் விறைத்துப்போகும். வெகுநேரம் தாங்க முடியாது. மீட்க வரும் படகு வேகமாக வர வேண்டும்.

அந்தக் காலத்துப் படகுகளோ மெதுவானவை. 1931 பிப்ரவரி 4ஆம் தேதி, பிளிமத் துறைமுகத்துக்கு அருகே ஒரு விமானம் கடலில் விழுந்தது. அதில் இருந்த 12 பேரில் 9 பேர் இறந்தார்கள். அதை நேரில் பார்த்தவர்களில் ஒருவர் லாரன்ஸ். முதல் உலகப் போரில் அரபு நாட்டில் போரிட்டுப் பெரும் புகழ் பெற்றவர் அவர். அந்தப் புகழ் வேண்டாம் என்று, ஷா என்ற பெயரில் விமானப்படையில் சாதாரண ஊழியராக வேலை பார்த்தார். வேகப் படகு வேண்டும் என்று மேலதிகாரிகளிடம் விடாமல் வற்புறுத்தினார். ஸ்காட் பெயின் என்பவரின் படகுத் தொழிற்சாலையில் கூடவே இருந்து உழைத்தார்.

பழைய படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். புதிய படகு அப்படி அல்ல. குளத்தில் ஓட்டுச் சில்லை வீசினால் தண்ணீர் மேலேயே தத்திப் போகும் அல்லவா? அதுபோல, வேகம் கூடியதும் படகு மூக்கைத் தூக்கி, நீரின் மேல் வழுக்கி ஓடும். லாரன்ஸ் 1935இல் இறந்தார். அதன் பிறகு 64 அடி நீள மரப் படகுகள் வந்தன. அவை மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடின. மலைச் சாலையில் நம் பஸ்கூட அந்த வேகத்தில் போகாது!

1940இல் ஜெர்மனியுடன் கடும் வான்போர் நடந்தது. அப்போது படகுகள் மிகச் சிலவே இருந்தன. பல விமானிகள் கடலிலேயே மாண்டார்கள். அதன் பிறகுதான், 1941இல், மீட்புக்கென்று தனி அமைப்பு ஏற்பட்டது. விமானங்கள் மேலே பறந்து தேடின. படகுகள் ஓடிப்போய்த் தூக்கின. படகிலேயே படுக்கையும் மருந்தும் இருந்தன.

இடம் தெரியாவிட்டால் வேகம் இருந்தும் பயனில்லை. 1942 பிப்ரவரியில் ஒரு விமானம் வடகடலில் விழுந்தது. உள்ளே இருந்த நான்கு பேருடன் ஒரு புறாவும் இருந்தது. எண்ணெயில் நனைந்த அந்தப் புறா ஏறக்குறைய 200 கிலோமீட்டர் பறந்து, ஸ்காட்லாந்தில் உள்ள தன் கூட்டுக்கு வந்து சேர்ந்தது. அது பறந்த நேரத்தையும் காற்றையும் கணக்கிட்டு, விமானம் விழுந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். நான்கு பேரும் பிழைத்தார்கள். புறாவின் பெயர் விங்கி. 1943இல் அதற்குப் பதக்கம் கொடுத்தார்கள்.

இந்தியாவில் கடலில் தத்தளிப்போரைத் தேடி மீட்பது கடலோரக் காவல்படை. அவர்களிடமும் வேகப் படகுகள் இருக்கின்றன. கடலில் ஆபத்து என்றால் 1554 என்ற எண்ணுக்குப் பேசலாம். எந்த இடம் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.