விடுதலையாகிறவன் எந்த வீட்டுக்குப் போகிறான்?

2011 மார்ச். தருமபுரி நீதிமன்றத்தில் ஆஜர்படுத்திவிட்டுக் கோவை மத்தியச் சிறைக்குத் திரும்ப அழைத்துப் போன கைதி, சேலம் பேருந்து நிலையத்தில் காவலர்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடினான். எடப்பாடி வட்டாரத்து லாரி டிரைவர் ஜெய்சங்கர். அடுக்கடுக்கான பாலியல் வன்கொடுமை, கொலை வழக்குகளில் சிக்கியவன். காவலுக்குப் போனவர்களில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். மே மாதம் கர்நாடகத்தில் பிடிபடுவதற்குள் அங்கேயும் பெண்களைக் கொன்றான் என்றது போலீஸ்.

சேலம், நாமக்கல் பக்கம் ‘பாலியல் குற்றவாளி’ என்றதும் இன்றும் பலருக்கு நினைவில் வருவது இவன்தான். ஆனால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், வேலை கொடுத்தவர் என்று நீள்கிறது பட்டியல்.

தண்டனை முடிந்து வெளியே வருபவர் மறுபடியும் செய்வாரா? கனடா உளவியலாளர் கார்ல் ஹான்சன் 1998-ல் சகா ஒருவருடன் சேர்ந்து 61 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். நாலைந்து ஆண்டுகளில் மீண்டும் பாலியல் குற்றத்தில் சிக்கியவர்கள் சுமார் 13.4 சதவீதம். புகாராகாமல் போனவை இதில் சேராது. மறுஆண்டு டேவிட் தார்ன்டனுடன் சேர்ந்து ‘ஸ்டாட்டிக்-99’ என்ற பத்துக் கேள்வி அளவுகோலை உருவாக்கினார். வயது என்ன, முன்பு எத்தனை வழக்குகள், பாதிக்கப்பட்டவர் முன்பின் தெரியாதவரா, உறவினரா என்று கேட்டு மதிப்பெண் போடுவார்கள். கூண்டில் நின்று கண்ணீர் விட்டதற்கு அதில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது.

நம் நாட்டில், திருந்த வாய்ப்பே இல்லை என்பதை அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்று 1980-லேயே பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022-ல் மனோஜ் வழக்கில், உளவியல் மதிப்பீட்டையும் நன்னடத்தை அலுவலர் அறிக்கையையும் கேட்டுப் பெறச் சொன்னது. இரண்டும் தூக்குத் தண்டனைக்கான விதிகள். பத்து, இருபது வருடம் உள்ளே இருந்துவிட்டு வருகிறவரைப் பற்றி அவை பேசவில்லை. 2018 செப்டம்பரில் தொடங்கிய பாலியல் குற்றவாளிகள் தேசியத் தரவுத்தளமோ போலீஸ் கைக்கு மட்டும் எட்டுவது. குற்றம் நடந்தபின் ஆளைத் தேடத்தான் அதிகம் உதவும்.

ஸ்டாட்டிக்-99 அளவுகோலிலும் ஒரு பொறி இருக்கிறது. அண்ணன் மகளைச் சீரழித்தவருக்கு வேறு வழக்கு இல்லை, வயதும் ஐம்பதைத் தாண்டிவிட்டது என்றால் மதிப்பெண் குறைவாகவே வரும். ஆனால், சேலம் மத்தியச் சிறை வாசலில் பஸ் ஏறி அவர் போய் இறங்கப்போவது ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ, அதே கூட்டுக் குடும்பத்து வீட்டில். குடும்ப மானத்துக்குப் பயந்து, இரண்டாம் முறை புகாரே எழாமலும் போகலாம்.

ஆகவே, ஆள் எப்படிப்பட்டவர் என்று பார்ப்பதோடு, எங்கே போகிறார், அங்கே யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். விடுதலைக்கு முன்பே நன்னடத்தை அலுவலர் அந்த வீட்டுக்குப் போய்வரட்டும். குழந்தை இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தகவல் போகட்டும். அவருக்குத் தங்க வேறு இடம் தேடட்டும். வீட்டை விட்டு வெளியேற வேண்டியது எந்த நிலையிலும் அந்தக் குழந்தையாக இருக்கக் கூடாது.