நங்கூரமிட்ட படகு ஏன் அலைபாய்கிறது?

நங்கூரம் இறக்கிவிட்டால் படகு அசையாமல் நிற்கும் என்றுதான் கரையிலிருந்து பார்ப்பவர்கள் எண்ணுவார்கள். ஒற்றைப் பாய்மரம் கொண்ட எட்டு, ஒன்பது மீட்டர் நீளப் படகுகள் அப்படி நிற்பதில்லை. பாய்களைச் சுருட்டிக் கட்டிய பிறகும், காற்று வலுத்தால் இடமும் வலமுமாக ஓடித் திரும்புகின்றன. மேலிருந்து பார்த்தால் அந்தப் பாதை படுக்கவைத்த 8 போலத் தெரியும். இதற்குப் பலரும் முதலில் நாடுவது கனமான நங்கூரத்தையும் நீளமான சங்கிலியையும்தான். ஆனால் நங்கூரம் படகை ஓரிடத்தில் பிடித்துவைக்கும், அவ்வளவே. படகின் முகம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக் காற்றும் படகின் அமைப்புமே தீர்மானிக்கின்றன. ஆகவே தீர்வையும் முதலில் தண்ணீருக்கு மேலேதான் தேட வேண்டும்.

காற்றுத் திசைகாட்டிக்கு வால் பின்னால் இருப்பதால் அதன் மூக்கு எப்போதும் காற்றை நோக்கி நிற்கிறது. பாய்மரப் படகின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. உயர்ந்த அணியம் (படகின் முன்முனை), பாய்மரம், அதற்கு முன்னால் சுருட்டிக் கட்டிய முக்கோணப் பாய் என்று காற்று மோதும் பரப்பில் பெரும்பகுதி முன்பாதியில் இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் பக்கவாட்டு நகர்வைத் தடுக்கும் கீலும் சுக்கானும் அதற்குப் பின்னால் இருக்கின்றன. சங்கிலி தளர்ந்த கணத்தில் அணியம் ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறது. படகு விலாவைக் காற்றுக்குக் கொடுத்துச் சாய்வாக ஓடுகிறது. சங்கிலி விறைத்ததும் அணியம் வெடுக்கென்று இழுபட்டு மறுபக்கம் திரும்ப, அதே ஓட்டம் எதிர்த்திசையில் தொடங்குகிறது. முழுநீளக் கீல் கொண்ட பழைய கனத்த படகுகளைவிட, ஒடுங்கிய கீல் கொண்ட இலேசான புதிய படகுகள் கூடுதலாக அலைபாய்வது இதனால்தான்.

ஆடினால் ஆடட்டும், நங்கூரம் பிடித்திருந்தால் போதாதா என்று கேட்கலாம். படகின் விலாப்பரப்பு முகப்புப் பரப்பைப்போல் பல மடங்கு; அது காற்றுக்குத் திரும்பும்போதெல்லாம் இழுவிசை எகிறுகிறது. இழுக்கும் திசையும் மாறிக்கொண்டே இருப்பதால் மண்ணில் புதைந்த நங்கூரம் நெகிழ்கிறது, கயிறு தேய்கிறது. சங்கிலியின் எடை மென்காற்றில் உண்மையிலேயே உதவும். ஆனால் காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும். அப்போது சங்கிலியின் தொய்வு மறைந்து, எடையால் வந்த பலனும் போய்விடும்.

எனவே படகுக்குப் பின்னால் ஒரு வால் கொடுப்பதே நேரான வழி. பாய்மர உச்சியிலிருந்து பின்முனைக்கு இறங்கும் கம்பியில், ஒன்று முதல் இரண்டு சதுர மீட்டர் அளவுள்ள தட்டையான முக்கோணத் துணியைக் கொக்கிகளால் மாட்டுகிறார்கள். அதன் முன்மூலையை ஒரு கயிற்றால் தளத்தோடு விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார்கள். அணியம் விலகினால் இந்தச் சிறு பாய் காற்றை வாங்கிப் பின்புறத்தைத் தள்ளி முகத்தை நேராக்குகிறது. வடகடலில் ஹெர்ரிங் மீன்பிடித்த ஆங்கிலேயப் படகுகள் வலையோடு மிதக்கும்போது பின்பாய் விரித்து முகத்தைக் காற்றுக்கு நேராக வைத்துக்கொண்டன. நீராவி இயந்திரம் வந்த பிறகும் அந்தப் பாயைக் கைவிடவில்லை. கடுங்காற்றில் மேலும் ஒரு பாயா என்ற அச்சம் இயல்பானதே. பாய் படபடப்பதால் சிறிது விசை கூடத்தான் செய்யும். ஆனால் விலா முழுவதும் காற்றுக்குத் திரும்பும்போது விழும் பளுவோடு ஒப்பிட்டால் அது சொற்பம்.

மற்ற வழிகளையும் இதே கணக்கால் மதிப்பிடலாம். இரண்டாவது சிறு நங்கூரத்தைக் குறைந்த கயிற்றில் அணியத்தின் அடியில் இறக்கினால், அது தரையில் இழுபட்டு அணியம் சரசரவென்று விலகுவதைத் தடுக்கும். இரு நங்கூரங்களை 45 முதல் 60 பாகை விரித்துப் போட்டால் ஆட்டம் வெகுவாகக் குறையும். ஆனால் காற்றுத் திசை முழுதாக மாறினால் கயிறுகள் முறுக்கிக்கொள்ளும், ஒற்றை நங்கூரத்தில் சுழலும் அண்டைப் படகுகளோடு மோதும் ஆபத்தும் உண்டு. பின்புறத்திலிருந்து நங்கூரமிட்டால் படகு அமைதியாக நிற்கும், ஆனால் அலையடிக்கும் இடத்தில் தட்டையான பின்புறம் அடிவாங்கும். பெரும்பாலான இரவுகளுக்கு, நன்கு புதைந்த ஒரு நங்கூரமும் பின்னால் ஒரு சிறு பாயுமே ஏற்ற ஏற்பாடு. காற்று மேலும் வலுத்தால் அணியத்தடி நங்கூரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.