ஏழு பேர்ச் நிலமும் ஐந்து கோழிகளும்

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, ஊவாவின் மலைச்சரிவுகளில் மாசி வெயில் இதமாய் விழும் காலம் நெருங்குகிறது. கோழி வளர்க்க எண்ணும் குடும்பத்தார் திட்டமிடத் தக்க வேளை இதுவே.

பதுளைப் பகுதித் தோட்டங்களில் லயத்தை விட்டுத் தனிவீடு பெற்றோர் பலருக்குக் கிடைத்த நிலம் ஏழு பேர்ச். ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீட்டுக்கு 550 சதுர அடி போக, பாதையும் மலசலகூடக் குழியும் நீங்கினால் எஞ்சுவது சிறிதே. ஆகவே ஐந்து கோழிகள் போதும். கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி வீதம் பத்துச் சதுர அடிக் கூடு அமையுங்கள்.

கூட்டுக்காகச் சரிவை வெட்டாதீர்கள். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மலை சரிந்து லயங்களைப் புதைத்ததை மறத்தலாகாது. மண்ணைத் தொடாமல், கால்கள் நட்டுக் கூட்டை உயர்த்துங்கள், ஈரம் ஏறாது. கீரி புகாதபடி கம்பிவலை அடியுங்கள்.

அடைக்கோழிக்குப் பன்னிரண்டு முட்டை வைத்தால் 21 நாளிற் குஞ்சு பொரிக்கும். சேவலும் இழப்பும் போக நான்கைந்து பேடுகள் எஞ்சலாம். பங்குனி, சித்திரை மாலைகளின் இடிமழையில் குஞ்சுகள் நனையாமற் காத்திடுங்கள். ஊவாவின் நீண்ட கோடையில் வளர்ந்து, ஐப்பசி மழைக்கு முன் அவை முட்டையிடத் தொடங்கும். எச்சத்தை மக்கவிட்டே போஞ்சிக்கும் கறிமிளகாய்க்கும் இடுங்கள்; பச்சையெரு வேரைக் கருக்கும்.

இறுதியாக ஒன்று: முட்டை கடைக்குப் போகுமுன் வீட்டுக் குழந்தையின் தட்டுக்குப் போகட்டும்.