லயத்துப் பூனைகளின் நலம்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே பூனை இல்லாத லயம் ஒன்றைக் காண்பது அரிது. நாய் வளர்க்க விரும்பாத குடும்பங்களும் பூனையை வாசலிலிருந்து விரட்டுவதில்லை. அரிசியும் கோதுமை மாவும் விறகும் பிள்ளைகளின் புத்தகங்களும் படுக்கைத் துணிகளும் ஒரே காம்பராவில் இருக்கும்பொழுது எலிக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. எலி வந்த வழியே பூனையும் வந்தது.

இந்தப் பகை பழையது. தேயிலைக்கு முன்னர் இம்மலைகளில் கோப்பி விளைந்த காலத்திலேயே எலி தோட்டங்களுக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. சேர் எமர்சன் டெனன்ட் 1861 இல் வெளியிட்ட இலங்கையின் இயற்கை வரலாறு பற்றிய நூலிலே, 1847 இல் கோப்பித் தோட்டங்களில் எலிகள் திரள்திரளாக வந்ததையும், ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிகள் வரை கொல்லப்பட்டதையும் குறித்திருக்கிறார். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் அவ்வெலிகளைத் தேங்காயெண்ணெயில் பொரித்தும் கறியாக்கியும் உண்டனர் என்றும் வியப்போடு எழுதுகிறார். அரைவயிற்றுக் கஞ்சியோடு மலையேறியவர்களின் உணவைக் கண்டு வியப்பதற்கு எதுவுமில்லை. 1869 இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, எலி மட்டும் எங்கும் போகவில்லை.

எலிக்காகவே பூனை என்ற எண்ணத்திலிருந்துதான் பூனைக்கு நேரும் முதல் அநீதியும் பிறக்கிறது. சோறு வைத்தால் பூனை சோம்பிவிடும், பட்டினி கிடந்தால்தான் எலி பிடிக்கும் என்று பலர் நம்புகின்றனர். இது தவறு. வேட்டையாடும் உந்துதல் பூனைக்குப் பசியினால் மட்டும் வருவதன்று. வயிறு நிறைந்த பூனையும் எலியைக் கண்டால் பதுங்கிப் பாயும். பட்டினிப் பூனையோ உடல் நலிந்து, குடற்புழுவும் உண்ணியும் பெருகி, அயல் வீட்டுச் சட்டியிலே வாய் வைக்கும் திருட்டுப் பூனையாகிவிடுகிறது. அதன்பின் அதற்குக் கிடைப்பது விறகுக்கட்டையடிதான்.

இரண்டாவது சிக்கல் லயத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பத்துக் காம்பராக்களுக்கு ஒரே கூரை. பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரைத் தகரத்தைத் தொடுவதில்லை. முதற் காம்பராவில் படுத்திருந்த பூனை பரண் வழியாகவே நடந்து தொங்கல் காம்பராவில் இறங்கிவிடும். காலையில் ஓர் இஸ்தோப்பில் வெயில் காயும். மாலையில் இன்னொரு வீட்டு அடுப்படியில் குளிர் காயும். ஐந்து பூனைகளுக்கு நான்கு வீட்டார் சோறு வைப்பர். ஆனால் ஒன்றுக்கு நோய் வந்தால், அது யாருடைய பூனை என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. லயத்தின் எல்லாப் பூனைகளும் ஒரே கூட்டம் என்று அங்கு வாழ்வோர் கருதினாலன்றி அவற்றில் ஒன்றன் நலத்தையும் பேண முடியாது. ஒரு வீட்டுப் பூனைக்கு மட்டும் புழுமருந்து கொடுத்தால் மறுமாதம் அதற்கும் புழு வந்துவிடும்.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கம்பர் தம் அவையடக்கத்திலே, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த ஒரு பூனைக்குத் தம்மை உவமிக்கிறார். பூனையென்றால் பால் என்ற எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமானது. உண்மையிலோ, தாய்ப்பால் மறந்த பூனைகள் பலவற்றுக்குப் பசுப்பால் செரிப்பதில்லை, கழிச்சல்தான் உண்டாகும். பூனைக்கு வேண்டியவை இறைச்சியும் மீனும் நல்ல தண்ணீருமே. நாயைப்போல அது எதையும் தின்று பிழைக்கும் பிராணியன்று. டோரின் என்னும் ஒரு சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு தானே ஆக்கிக்கொள்ளாது. அது ஊனிலிருந்தே கிடைக்கவேண்டும். அச்சத்துக் குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்பது 1975 இலும், இருதயம் பலவீனமடையும் என்பது 1987 இலும் ஆய்வுகளால் தெளிவாயின. வெறும் சோறும் ரொட்டித்துண்டும் கொடுத்துப் பூனையை வளர்க்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதற்காகக் கடையில் விற்கும் விலையுயர்ந்த பூனையுணவை வாங்கவேண்டும் என்பதில்லை. நாட்கூலியில் வாழும் குடும்பத்திடம் அப்படிச் சொல்வது நியாயமுமாகாது. மீன்தலையையும் செதிலோடு கழிக்கும் பகுதியையும் உப்பின்றி வேகவைத்து முள்ளெடுத்துச் சோற்றோடு பிசைந்து வைக்கலாம். மீன் சோற்றைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். நெத்தலிக் கருவாடாயின் ஊறவைத்து உப்பைக் களைந்தபின் கொடுக்கவேண்டும். கோழியின் உட்பாகங்கள் நல்லவை. ஆயினும் ஈரலை மட்டுமே நாள்தோறும் கொடுத்தால் அதுவும் கேடு செய்யும். வேகவைத்த முட்டை நல்லது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுப்பவை. ஆகவே சம்பல் பூசிய ரொட்டியும் குழம்பு ஊற்றிய சோறும் ஆகா. பல பூனைகள் உள்ள இடத்தில் ஒரே சட்டியில் உணவு வைப்பது வலியதற்கே உதவும். தேங்காய்ச் சிரட்டை கிடைக்காத வீடு ஏது? ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரட்டையாக, ஒன்றையொன்று பார்க்காத தூரத்தில் வைத்தால் சண்டையும் குறையும். எது உண்ணவில்லை என்பதும் உடனே தெரியவரும். உண்ணாத பூனையே நோயின் முதற்குறி.

தண்ணீரும் அவ்வாறே. குளிர்நாட்டுப் பூனை குறைவாகவே நீர் அருந்தும். அதனால் கடுவன் பூனைகளுக்குச் சிலவேளை சிறுநீர்க் குழாய் அடைபட்டுவிடும். பூனை மூலையிற் குந்திக் குந்தி முக்குவதைக் கண்டு மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் புகட்டுவார்கள். உண்மையில் அது ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும் அவசர நோய். அன்றே மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ளது. ஹட்டன் 1271 மீற்றர். தை மாதத்துப் பனியிலும், ஹட்டன் பக்கத்தில் தென்மேற்குப் பருவ மழையிலும், குட்டிகள் குளிரினாலேயே இறந்துபோவதுண்டு. பெரிய பூனைகள் அடுப்புச் சாம்பலுக்குள் புகுந்து படுக்கும். உள்ளே கனல் இருப்பதை அறியாமல் மயிரும் தோலும் கருகும். இரவில் அடுப்பு வாயை ஒரு தகரத்தால் மூடி, அருகிலே சணற்சாக்கு விரித்த பெட்டியொன்றை வைத்தால் போதும். மழைக்காலத்தில் வெளியே போகமுடியாத பூனைக்கு மணலோ மரத்தூளோ இட்ட பெட்டி ஒன்று மலங்கழிக்கத் தேவை. பூனைகள் எத்தனையோ அதைவிட ஒரு பெட்டி கூடுதலாக இருப்பது சிறப்பு என்பர். லயக் காம்பராவில் அதற்கு இடமேது? உள்ள பெட்டியைத் தினமும் துப்புரவாக்கினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். சாம்பலை இடுவது நன்றன்று; ஈரமான சாம்பலின் காரம் பாதத்தைப் புண்ணாக்கும். பினாயிலும் கூடாது. பூனை தன் காலை நக்கும்பொழுது அந்த நஞ்சு வயிற்றுக்குள் போய்விடும்.

கூட்டமாக வாழும் பூனைகளைத் தாக்கும் நோய்களில் மிகக் கொடியது, குட்டிகளை வாந்தியும் கழிச்சலுமாக வீழ்த்தி ஓரிரு நாளில் கொல்லும் வைரசு நோய். அந்தக் கிருமி ஓராண்டு வரைகூடப் பெட்டியிலும் தரையிலும் அழியாமல் இருக்கும். முன்னைய ஈற்றுக் குட்டிகள் இறந்த அதே பெட்டியில் அடுத்த ஈற்றுக் குட்டிகளும் இறப்பதைக் கண்டு, கண்ணூறு என்றும் யாரோ வைத்த வினை என்றும் சொல்லும் வீடுகள் உண்டு. பெட்டியை எரித்துவிட்டுத் தரையைக் குளோரின் கலந்த நீரால் கழுவுவதே அந்த வினைக்குப் பரிகாரம். கண்பீளையும் தும்மலுமாக வரும் சளிநோய்களும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு விரைவிற் பரவும். இவற்றைத் தடுக்கும் ஊசியைக் குட்டிக்கு எட்டு வாரம் ஆனதும் தொடங்கலாம். புதிதாக வந்த பூனையை இரண்டு வாரமேனும் தனியே வைத்துப் பார்த்தபின் மற்றவற்றோடு சேர்க்கவேண்டும்.

மனிதரைப் பற்றிய அச்சம் ஒன்றுண்டு. அதற்கு நம்முடைய சொல்லும் ஒரு காரணம். விசர்நாய்க்கடி நோய் என்ற பெயரைக் கேட்டவர், அது நாயினால் மட்டுமே வருவது என்று எண்ணிவிடுகிறார். இலங்கையில் இந்நோயைப் பரப்பும் பிராணிகளுள் நாய்க்கு அடுத்தது பூனைதான். 1973 ஆம் ஆண்டில் 377 பேர் இந்நாட்டில் இந்நோயினால் இறந்தனர். தடுப்பூசியினாலும் சிகிச்சையினாலும் அத்தொகை பின்னாளில் மிகக் குறைந்தது, முற்றாக ஒழியவில்லை. பிரான்சிலே லூயி பாஸ்டர் 1885 இல் ஒன்பது வயதுச் சிறுவனொருவனை ஊசியால் காப்பாற்றிய நாள் முதலாக மருந்து இருக்கிறது. ஆனால் நோய்க்குறி தோன்றிய பின்னர் அந்த மருந்து உதவாது. இதுதான் இதன் கொடுமை.

தோட்டத்துப் பிள்ளை பாடசாலை விட்டு வரும்பொழுது தாய் மலையிலே கொழுந்தெடுத்துக்கொண்டிருப்பாள். பிள்ளையோடு விளையாடும் பூனை கடித்துவிட்டால், ஏச்சுக்கு அஞ்சிப் பிள்ளை கையை மறைத்துக்கொள்ளும். பூனைக்கீறல்தானே என்று பெரியவர்களும் மஞ்சளையோ சுண்ணாம்பையோ கோப்பித் தூளையோ அப்பிவிடுவர். செய்யவேண்டியது வேறு. பீலித் தண்ணீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவவேண்டும். அன்றே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். ஊசி தேவையா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவர் வைத்தியரே அன்றி அயல் வீட்டார் அல்லர். கடித்த பூனையை அடித்துக் கொன்றுவிடக் கூடாது. அடைத்து வைத்துக் கவனித்தால்தான் அதற்கு நோய் உண்டா என்பது தெரியும். அது இறந்தால், தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திற் பரிசோதிப்பதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழிகாட்டுவார். சாதுவான பூனை காரணமின்றிச் சீறிப் பாய்ந்தாலும், வாய்நீர் ஒழுகப் பரணுக்குள் ஒளிந்தாலும், கையால் தொடலாகாது. மாணவரின் கையிலே புதிய கீறலைக் காணும் ஆசிரியர் அதட்டாமல் ஒரு வார்த்தை கேட்டால் ஓர் உயிர் பிழைக்கலாம். மூன்று மாதம் நிறைந்த பூனைக்கு விசர்நோய்த் தடுப்பூசி போட்டு, வைத்தியர் சொல்லும் தவணையில் அதைப் புதுப்பிப்பது இவை எல்லாவற்றிலும் எளிது.

கர்ப்பிணி இருக்கும் வீட்டிலே பூனையை விரட்டிவிட வேண்டும் என்று சிலர் கூறுவர். அவ்வளவு தேவையில்லை. பூனையின் மலத்தால் பரவும் ஒரு நுண்கிருமி கருவிலுள்ள சிசுவைத் தாக்கக்கூடும் என்பது மெய்தான். அக்கிருமி மலத்திலே ஒரு நாளேனும் கிடந்த பின்னரே தொற்றும் வலிமை பெறுகிறது. ஆகவே பெட்டியை வேறொருவர் நாள்தோறும் துப்புரவாக்கினால் ஆபத்து மிகக் குறையும். மரக்கறித் தோட்டத்து மண்ணைக் கிளறியபின் கைகழுவுவதும், இறைச்சியை நன்றாக வேகவைப்பதும் அதே அளவு முக்கியம். ஐயமிருந்தால் மருத்துவமாதுவிடம் கேட்கலாம்.

பூனைக்குக் காய்ச்சல் என்று பனடோல் கொடுப்பவர் அறியாமல் நஞ்சூட்டுகிறார்; அரை மாத்திரையே ஒரு பூனையைக் கொன்றுவிடலாம். எலிப்பாசாணம் உண்ட எலியைப் பூனை தின்றாலும் ஆபத்தே. பாசாணமா பூனையா என்று லயத்தார் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டும் ஒரு கூரையின்கீழ் ஒத்துப்போகா. நுவரெலியாப் பூந்தோட்டங்களில் அழகாக மலரும் லில்லிச் செடியின் இலையும் மகரந்தமும்கூடப் பூனையின் சிறுநீரகத்தை அழிக்கும். காட்டுப்பன்றிக்கென்று வைக்கும் கம்பிக் கண்ணியும் பூனைக்குக் கூற்றுவன். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்து லக்சபான தோட்டத்தில் அத்தகைய கண்ணியில் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கிப் பின்னர் இறந்ததை நேயர் பலர் அறிவர். தேயிலை அடியில் காணும் புள்ளிபோட்ட காட்டுப்பூனைக் குட்டிகளையும் வீட்டுக்குக் கொண்டுவருதல் தகாது. தாய் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும்.

இத்தனையும் எத்தனை பூனைகளுக்குச் செய்ய முடியும் என்பதுதான் இறுதியாக எழும் கேள்வி. பெட்டைப் பூனை ஐந்து மாதத்திலேயே சினைப்படலாம். ஒன்பது வாரத்தில் குட்டி போடும். அவற்றுக்குப் பாலூட்டும்போதே மீண்டும் சினைப்படும். பூனையைக் கொல்வது பெரும்பாவம் என்று அஞ்சுபவர்கள், குட்டிகளை உரப்பையிற் கட்டி அடுத்த டிவிசன் பாலத்தடியிலோ கோயில் வாசலிலோ பாடசாலை வேலியோரத்திலோ விட்டு வருகின்றனர். பனியில் விடப்பட்ட குட்டி என்னவாகும் என்பது அவர்களுக்கும் தெரியும்; கண்முன்னே சாகவில்லை என்பதொன்றே ஆறுதல். அன்பு மிகுதியால் எட்டு, பத்து என்று சேர்ப்பவரும் வேறொரு வழியில் அதே துன்பத்தையே விளைவிக்கின்றனர். கருத்தடை அறுவையே இதற்கு மாற்று. அது பூனையின் இயல்பைக் கெடுக்கும், எலி பிடிக்காது என்பதெல்லாம் வீண்பேச்சு. கடுவன்களின் சண்டையும், கடியினால் பரவும் நோய்களும், இரவுக் கூச்சலும் அதனாற் குறையும். லயத்திலுள்ள பத்து வீட்டாரும் சேர்ந்து ஆண்டுக்கு இரண்டு பூனைக்கென்று சிறிது சிறிதாகப் பணம் ஒதுக்கினால் இது எட்டாத செலவன்று.

வைத்தியரைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. பசுவைப் பார்க்க வரும் அரசாங்க மிருக வைத்தியரிடமே பூனையையும் காட்டலாம். அரிய நோயாயின் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்து மருத்துவமனை உண்டு. பஸ்ஸிலே கொண்டுசெல்வதற்குக் கூண்டு இல்லையே எனத் தயங்கவும் வேண்டாம். பழைய கொழுந்துக் கூடையொன்றில் துணி விரித்து, பூனையை உள்ளே வைத்து, வாயை வலைத்துணியால் இறுக்கிக் கட்டினால் மூச்சும் தடைப்படாது, பூனையும் வெளியே பாயாது. அறுவைக்குப் போகும் பூனைக்கு எப்பொழுதிலிருந்து உணவை நிறுத்துவது என்பதை முதல் நாளே கேட்டறிந்து, அன்றிரவு லயத்தின் பத்து வீட்டாருக்கும் அதைச் சொல்லிவைக்கவேண்டும். இல்லையேல், பாவம் பசிக்கிறதே என்று யாரேனும் ஒருவர் ஒரு துண்டு மீனைப் போட்டுவிடுவார்.