தரவின் மூலம்

‘நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கலாகாது’ என்பது பழமொழி. தரவுக்கு அது பொருந்தாது. தரவின் மூலத்தை அறிந்தே ஆக வேண்டும்.

2020ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கொரோனா பரவியது. சில ஆய்வகங்கள் அனுப்பிய சோதனை முடிவுகள் எக்செல் கோப்பின் வழியாக அரசின் தரவுத்தளத்தை அடைந்தன. பழைய வகை எக்செல் தாள் 65,536 வரிசைகளை மட்டுமே கொள்ளும். மிஞ்சியவை விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. அவர்களுடன் பழகியோரைக் கண்டறிந்து எச்சரிப்பதும் தாமதமாயிற்று.

தரவு எங்கே பிறந்தது, எந்த இணைப்பின் வழியே வந்தது, எந்தத் தரவுத்தளத்தில் சேர்ந்தது எனத் தொடர்ச்சியாகக் குறித்துவைப்பதே ‘தரவு வழித்தடம்’ ஆகும். ஒவ்வோர் இணைப்பையும் அது சென்றுசேரும் தரவுத்தளத்தோடு பொருத்திப் பதிவு செய்தால்தான் தடம் அறுபடாது. அனுப்பிய எண்ணிக்கையையும் பெற்ற எண்ணிக்கையையும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒப்பிட்டால், பிழை நேர்ந்த இடம் புலப்படும்.

மாணவர்களே, ஓர் எண்ணைப் படிக்கும்போது, அது கடந்து வந்த வழியையும் கேட்டறியுங்கள்.

சொற்பொருள்: மூலம் – தோற்றுவாய், தரவு – திரட்டிய செய்தி, தரவுத்தளம் – தரவுகளை ஒழுங்குபடுத்திச் சேமிக்கும் கணினிக் களஞ்சியம்.