துறைமுகத் தானியக்கமும் வருமான ஏற்றத்தாழ்வும்: சிங்கப்பூர் காட்டும் பாடம்

தானியக்கம் வேலைகளை ஒழிக்கிறதா என்னும் வினா பழையது. அது வருமானத்தை யாரிடமிருந்து யாரிடம் மாற்றுகிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது. சிங்கப்பூர்த் துறைமுகத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

முன்னர் மூட்டைகளையும் பெட்டிகளையும் தொழிலாளர் குழுக்களே கப்பலில் ஏற்றி இறக்கின. அவர்களுள் தமிழர் கணிசமாக இருந்தனர். 1972 ஜூன் மாதம் தஞ்சோங் பகார் முனையத்திற்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது. அதன்பின் உடல்வலிமையின் சந்தை மதிப்பு சரிந்தது. பாரந்தூக்கி இயக்குநரின் மதிப்பு உயர்ந்தது. 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்திலோ, ஓட்டுநரில்லா மின்னூர்திகள் கொள்கலன்களை நகர்த்துகின்றன. இப்போது ஓட்டுநரின் திறனும் மதிப்பிழக்கிறது. இயந்திரங்களைக் கண்காணிப்போருக்கும் பழுதுநீக்குவோருக்கும் தேவை மிகுகிறது.

இங்கேதான் ஏற்றத்தாழ்வு தோன்றுகிறது. பழைய வேலையை இழப்பவரும் புதிய வேலையைப் பெறுபவரும் பெரும்பாலும் ஒருவரல்லர். கல்வி குறைந்தோர் துப்புரவு, பாதுகாவல் போன்ற பணிகளை நாடுகின்றனர். அங்குப் போட்டியாளர் பலராதலால் ஊதியம் உயர்வதில்லை. உற்பத்தித்திறன் பெருகினும், அதன் பயன் மூலதனத்திற்கும் உயர்திறனுக்குமே மிகுதியாகச் சேர்கிறது.

இவ்விடைவெளி இயற்கை நியதியன்று. 2014இல் துப்புரவுத் துறையில் கட்டாயமாக்கப்பட்ட ‘படிப்படியாக உயரும் சம்பள முறை’, ஊதியத்தைப் பயிற்சியோடும் பொறுப்போடும் இணைத்து அடிநிலை ஊதியத்தை உயர்த்த முனைந்தது. எனினும், வேலை போனபின் அளிக்கும் பயிற்சியைவிட, இயந்திரம் வருமுன் அளிக்கும் பயிற்சியே பயன்மிக்கது. அப்பயிற்சியைப் பின்பற்றுதற்குரிய மொழித்திறனையும் கணக்கறிவையும் பள்ளியே தருகிறது. ஆதலின், நாளைய வருமான இடைவெளியின் ஒரு பகுதி இன்றைய வகுப்பறையிலேயே முடிவாகிறது எனலாம்.